சந்தனத்தில் சிக்கிய டிராவலர்

விஜயதசமி காலை. மில்லின் நூற்பு ஹாலில் ஆறாம் நம்பர் பிரேமுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தோம். மானேஜர், அவருக்கு ஓரடி பின்னால் உதவி ஸ்பின்னிங் மாஸ்டராகிய நான், எனக்குப் பக்கத்தில் அரியமங்கலம் காதர் பாய்.

காதர் பாய் பெருநாள் சட்டை போட்டிருந்தார். அவருடைய அத்தர் வாசனை, மில்லின் எண்ணெய் நாற்றத்தைத் தாண்டி மூன்றாவது பிரேம் வரைக்கும் போயிருந்தது. கையில் ஓர் அல்வாப் பெட்டி. அவர் பட்டறையில் செய்த டிராவலர் ஓடி, முதல் பாபின் நிறைந்ததும் ஹால் முழுக்க இனிப்பு என்று ஏற்பாடு.

மானேஜர் தலையை அசைத்தார். ஃபிட்டர் கைப்பிடியைத் தள்ளினார்.

முதலில் கடுகு வெடிக்கிற மாதிரி ஒரு சத்தம். அங்கே ஓர் இழை அறுந்தது. இங்கே ஒன்று. அப்புறம் வரிசை வரிசையாக. டிராவலர்கள் வளையத்தை விட்டுத் தெறித்துப் பறந்தன. ஒன்று மானேஜரின் மூக்குக் கண்ணாடியில் பட்டு 'டிங்' என்றது. வெள்ளை வெளேர் என்று இறங்க வேண்டிய நூல் மஞ்சள் நீராட்டில் மாட்டிக்கொண்ட மாப்பிள்ளை வேட்டி மாதிரி சிவப்பும் மஞ்சளுமாக இறங்கியது. பெண்கள் அறுந்த இழைகளைப் பிடித்து ஒட்டுவதற்கு இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓடினார்கள். ஒட்டிய கை எடுப்பதற்குள் மறுபடி அறுந்தது.

மானேஜர் கையைத் தூக்கினார். பிரேம் நின்றது.

"நம்ம சரக்கு நம்ம சரக்குதான்யா" என்றார். சொல்லிவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே போய்விட்டார்.

வருஷம் எத்தனையோ ஆகிவிட்டது. அந்த வாக்கியத்தை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் காது சூடாகிறது. டாக்டர் ரத்த அழுத்தம் என்கிறார். நான் டிராவலர் என்கிறேன்.

மூக்குத்தி அளவு

டிராவலர் என்றால் என்ன என்று கேட்பவர்களுக்காக ஒரு பாரா. தெரிந்தவர்கள் தாண்டிப் போகலாம். அப்படித் தெரிந்தவர்கள் இந்தப் பத்திரிகையின் வாசகர்களில் மொத்தம் இரண்டு பேர் இருப்பார்கள். அதில் ஒருவர் காதர் பாய்.

நூற்கிற பிரேமில், நூல் சுற்றும் பாபின் செருகிய கதிர்கள் நூறு நூறாகச் சுழலும். ஒவ்வொரு கதிரையும் சுற்றி ஓர் எஃகு வளையம். வளையத்தின் விளிம்பில், கைக்குழந்தை மூக்குத்தி அளவில், வளைத்த கம்பித் துண்டு ஒன்று தொற்றிக்கொண்டிருக்கும். அதுதான் டிராவலர். அதை ஓட்ட மோட்டார் கிடையாது. நூலே அதை இழுத்துக்கொண்டு ஓடும். அது ஓடுகிற ஓட்டத்தில்தான் பஞ்சு முறுக்கேறி நூலாகிறது. நீங்கள் இடுப்பில் கட்டியிருக்கிற வேட்டி அந்த மூக்குத்தியின் ஓட்டத்தால் வந்தது.

ஓடுகிற ஓட்டத்தில் அது சூடாகும், தேயும். தேய்ந்த டிராவலர் நூலை அறுக்கும். ஆகவே குறித்த காலத்துக்கு ஒருமுறை பிரேம் முழுவதும் மாற்றிவிட வேண்டும்.

எங்கள் மில்லில் அதுவரை வெளிநாட்டு டிராவலர்தான். பட்டுக் காகிதம் சுற்றிய சின்னத் தகரப் பெட்டியில், சீமையிலிருந்து சீதனம் வந்த மாதிரி வரும். திடீரென்று அன்னியச் செலாவணிக்குத் தட்டுப்பாடு. இறக்குமதி சுருங்கிவிட்டது. மில்லில் என்ன செய்தார்கள்? மாற்ற வேண்டிய டிராவலரை மாற்றாமல் ஓட்டினார்கள். தூக்கி எறிந்ததைப் பொறுக்கி எடுத்து மறுபடி மாட்டினார்கள்.

கஷ்டம் யாருக்கு? மானேஜருக்கு இல்லை. அவர் மேஜையில் எந்த இழையும் அறுவதில்லை. பிரேமுக்குப் பிரேம் நின்று அறுந்த இழையை ஒட்டுகிற பெண்களுக்குத்தான். அவர்களை சைடர் என்போம். ஷிஃப்ட் முடிந்து வெளியே வரும்போது பலருக்கு நடக்க முடியாது. மில் வாசலில் உட்கார்ந்து காலைப் பிடித்து விட்டுக்கொண்டு அப்புறம்தான் எடமலைப்பட்டி புதூருக்கு நடப்பார்கள்.

எனக்கு ஒரு டிப்ளமா இருந்தது. பஞ்சுக்கும் நூலுக்கும் வித்தியாசம் தெரிந்தவன் என்று அரசாங்கமே எனக்கு அத்தாட்சி கொடுத்திருந்தது. அந்தத் தைரியத்தில்தான் காதர் பாயைத் தேடிப் போனேன்.

அரியமங்கலத்துச் சண்டைகள்

காதர் பாய் ரயில்வே பட்டறையில் இருந்தவர். போர்மனோடு ஒரு நாள் வாய்ச்சண்டை. மறுநாள் ராஜிநாமா. "அவனுக்கு அரம் பிடிக்கத் தெரியலைன்னு சொன்னேன் தம்பி. உண்மையைத்தான் சொன்னேன். ஆனா அவன் என் மேலதிகாரி" என்பார். அரியமங்கலத்தில் ஒரு தகரக் கொட்டகை, காயலான் கடையில் வாங்கிய ஒரு பிரஸ், ஓர் உலை. இவற்றோடு அவர் சாம்ராஜ்யம் தொடங்கியது.

தன்னடக்கம் என்ற சரக்கு அந்தப் பட்டறையில் கிடையாது. "சீமைக்காரன் செய்யறதை நான் ஒரு மாசத்துல செஞ்சு காட்டலைன்னா மீசையை எடுத்துடறேன்" என்றார். ஒரு மாதம் போய் ஒரு வருஷம் ஓடியது. மீசையைப் பற்றி நானும் கேட்கவில்லை, அவரும் பேசவில்லை.

முதலில் அவர் செய்த டிராவலர் கல் மாதிரி இருந்தது. கடினம்தான் உயர்ந்தது என்பது அவர் கட்சி. அதைப் போட்டதும் வளையத்தையே அரம் மாதிரி ராவிவிட்டது.

"பாய், வளையம் வருஷக்கணக்கா இருக்க வேண்டியது. டிராவலர்தான் தேயணும். வளையம் தேயக் கூடாது."

"தேயறதுக்குன்னே ஒரு சாமான் செய்யச் சொல்றீங்களா? என்னைப் பார்த்தா எப்படித் தெரியுது உங்களுக்கு?"

இதற்கு மட்டும் பல நாள் சண்டை போட்டோம். அப்புறம் இளக்கிச் செய்தார். அது மத்தியானத்துக்குள் தேய்ந்து விழுந்தது. "இப்ப சந்தோஷமா?" என்று கேட்டார்.

பிறகு சூட்டையும் எண்ணெயையும் மாற்றி மாற்றிப் பார்த்து, இரண்டுக்கும் நடுவில் ஒரு பதம் பிடித்தார். அப்போதும் ஒரு குறை. வளையத்தைத் தொடுகிற இடத்தில் மட்டும் டிராவலர் நீலம் பாய்ந்து கருகியது. உருண்டைக் கம்பி வளையத்தில் மயிரிழை அகலத்தில்தான் உட்காருகிறது. சூடு முழுவதும் அந்த ஒரே இடத்தில் இறங்குகிறது. கம்பியைத் தட்டையாக்கினால் அகலமாக உட்காரும், சூடு பரவும். ஆனால் தட்டையின் ஓரம் நூலை வெட்டும்.

ஆகவே வளையத்தைத் தொடுகிற இடம் தட்டை, நூல் போகிற இடம் உருண்டை. இந்த யோசனை என்னுடையது. காதர் பாய் இதைப் படித்தால் மறுத்துக் கடிதம் போடுவார். இரண்டு பேரும் ஒரே சமயத்தில் கத்திக்கொண்டிருந்ததால் யார் வாயிலிருந்து முதலில் வந்தது என்பதற்குச் சாட்சி இல்லை. செய்து முடித்தவர் அவர். அதில் எனக்கு வழக்கில்லை.

பீப்பாயில் மரத்தூளோடு போட்டு உருட்டி மெருகேற்றினார். உள்ளங்கையில் கொட்டினால் பாதரசம் மாதிரி வழுக்கிக்கொண்டு ஓடியது. சில கதிர்களில் மட்டும் மாட்டிப் பார்த்தேன். வெளிநாட்டுச் சரக்குக்குக் கொஞ்சமும் சளைக்காமல் ஓடியது.

இனி பிரேம் முழுவதும் ஓட்டிக் காட்டி மில்லின் ஒப்புதல் வாங்க வேண்டும். அது காதர் பாய்க்கு வெறும் வியாபாரம் இல்லை. அவருடைய மச்சான் பினாங்கில் மளிகைக் கடை வைத்திருந்தார். வா, வா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார். காதர் பாயின் மனைவி கெடு வைத்துவிட்டார். இந்த மில் சரக்கை எடுத்தால் பட்டறை. எடுக்காவிட்டால் கொட்டகையை விற்றுவிட்டுக் கப்பல்.

பொட்டு

எங்கள் மில்லில் ஆயுத பூஜை ஒரு தேர்த் திருவிழா. அன்றைக்குத்தான் இயந்திரங்கள் எல்லாம் நின்று, நாங்கள் பேசுவது எங்களுக்கே கேட்கும். கழுவி, துடைத்து, வாழைக்கன்று கட்டி, காகிதத் தோரணம் தொங்கவிட்டு, சந்தனம் குங்குமம் வைப்பார்கள். நன்றாக அலங்கரித்த பிரேமின் ஆட்களுக்கு ஆளுக்கொரு எவர்சில்வர் குடம் பரிசு.

வழக்கமாகப் பொட்டு வைப்பது பிரேமின் தலைப்பக்கப் பெட்டியிலும் மோட்டாரிலும்தான். வைத்த பொட்டை யாரும் கையால் துடைக்க மாட்டார்கள். துணியால் ஒரு தடவை தேய்த்தால் போய்விடும். ஆனால் குங்குமத்தைத் துடைப்பது என்றால் என்ன அர்த்தம் என்று ஹாலில் இருந்த ஒவ்வொரு பெண்ணுக்கும் தெரியும். ஓட ஓட அதுவாக உதிர வேண்டும். அதுதான் வழக்கம்.

அந்த வருஷம் ஆறாம் நம்பருக்கு ஒரு விசேஷம். விஜயதசமி அன்று அதில் காதர் பாயின் டிராவலர் ஓடப் போகிறது. புதிதாக ஆரம்பிக்க அதைவிட நல்ல நாள் ஏது என்று எல்லாரும் சேர்ந்துதான் நாள் குறித்தோம். ஃபிட்டர் முன்கூட்டியே எல்லா வளையத்திலும் மாட்டி வைத்துவிட்டார்.

ஆறாம் நம்பரின் சைடர்களுக்குத் தலைமை கோவிந்தம்மாள். வாய் கொஞ்சம் நீளம். வேலை அதைவிட நீளம். இந்தப் புது டிராவலர் ஜெயிக்க வேண்டும் என்று காதர் பாய்க்கு அடுத்தபடி ஆசைப்பட்டவர் அவர்தான். ஜெயித்தால் அவர் காலுக்கு ஓய்வு. ஆகவே ஒரு காரியம் செய்தார். பூஜை செய்ய வேண்டியது புதுச் சாமானுக்குத்தானே? பிரேம் முழுக்கத் தேங்காயெண்ணெய் தடவி மினுமினுப்பாக்கி, ஒவ்வொரு வளையத்துக்கும் சந்தனம் அப்பி, அதன் மேல் குங்குமம் வைத்தார். நூறு நூறான வளையங்கள். அவருடைய ஆட்கள் மதியத்திலிருந்து பொழுது சாயும்வரை உட்கார்ந்து வைத்தார்கள். எவர்சில்வர் குடம் கிடைத்தது.

பருத்தி நூற்கிற வளையம் எலும்பு மாதிரி உலர்ந்து கிடக்க வேண்டும். ஒரு சொட்டு எண்ணெய் இருந்தாலும் பஞ்சு ஒட்டும். காய்ந்த சந்தனம் என்றால் கேட்கவே வேண்டாம். ஓடுகிற டிராவலருக்கு அது பாதை நடுவே கொட்டிய ஜல்லி.

நான் அங்கே இருந்திருந்தால் தடுத்திருப்பேனே என்பீர்கள். நான் ஸ்ரீரங்கத்தில் என் வீட்டுப் புத்தகங்களை எல்லாம் அடுக்கி, மேலே பட்டுத் துணி போர்த்தி, சரஸ்வதி பூஜை செய்துகொண்டிருந்தேன். படிக்கக் கூடாத நாள். சாஸ்திரத்தில் நான் மிகவும் நிஷ்டையாக அனுஷ்டித்த ஒரே விதி அதுதான். மறுநாள் பஸ் தாமதம். ஹாலுக்குள் நுழைந்தபோது மானேஜர் தலையை அசைக்கத் தயாராக நின்றுகொண்டிருந்தார். தோரணங்களின் மறைவில் வளையம் எனக்குத் தெரியவில்லை.

மானேஜருக்கு வந்த பக்தி

பிரேம் நின்றதும் குனிந்து பார்த்தேன். நகத்தால் ஒரு வளையத்தைச் சுரண்டினேன். சந்தனம் பொருக்காக வந்தது. அந்தப் பொருக்கோடு மானேஜர் அறைக்குப் போனேன்.

"சார், இது டிராவலர் கோளாறு இல்லை. வளையத்துலே சந்தனமும் எண்ணெயும் இருந்திருக்கு. சுத்தம் பண்ணிட்டு மறுபடி ஓட்டினா..."

மானேஜர் நிமிர்ந்தார். எங்கள் மானேஜரைப் பற்றி ஒரு வார்த்தை. பூஜைக்கு ஹாலுக்குள் வரும்போது பூட்ஸைக் கூடக் கழற்றாத மனிதர். கற்பூரத் தட்டு நீட்டினால் கடிகாரத்தைப் பார்ப்பார். அப்பேர்ப்பட்டவர் முகத்தில் அன்றைக்குத் திடீரென்று ஒரு தெய்வீகக் களை.

"என்ன ஓய் சொல்றீர்? பூஜை பண்ணினதாலே மிஷின் ஓடலைங்கறீரா?"

"பூஜையைச் சொல்லலை சார். வளையத்துலே..."

"எல்லா பிரேமுக்கும்தான் பூஜை நடந்தது. மத்ததெல்லாம் ஓடறதே?"

"மத்ததுலே வளையத்துக்குப் பொட்டு இல்லை சார்."

"அப்போ பகவானுக்குச் சீமைச் சரக்குன்னா இஷ்டம், பாய் சரக்குன்னா ஆகாதுங்கறீர். இதை நான் வெளியிலே சொன்னா உமக்குத்தான் ஆபத்து. போம். நாளைக்கு ஏஜெண்ட் வரார். அதுக்குள்ளே அதையெல்லாம் கழட்டிடும்."

ஏஜெண்ட் என்பவர் மதராசிலிருந்து வருகிறவர். வெளிநாட்டு டிராவலருக்கு மிச்சமிருந்த லைசென்ஸ் அவர் பையில் இருந்தது. வருஷம் பிறந்தால் மானேஜருக்கு ஆல்ப்ஸ் மலை போட்ட ஒரு காலண்டர் கொண்டுவந்து கொடுப்பார். அந்தக் காலண்டரின் அடியில் உட்கார்ந்துதான் மானேஜர் என்னோடு பேசினார். அவருக்கு உண்மை தெரியும். பொருக்கைப் பார்த்த உடனே தெரிந்துவிட்டது. தெரிந்தும் சாமிக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டார். தவறு செய்கிறவனை மன்னிக்கலாம். சந்தனத்தைக் குழைத்து அதைக் கேடயமாகப் பிடிக்கிறவனை என்ன செய்வது?

காதர் பாய் வாசலில் டீக்கடை பெஞ்சில் இருந்தார். நடந்ததைச் சொன்னேன். எனக்கு நன்றி சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் டீ கிளாஸைப் பெஞ்சில் வைத்த வேகத்தில் பாதி டீ என் வேட்டியில்.

"யாரைக் கேட்டுப் போய்ச் சொன்னீங்க?"

"உண்மையைத்தானே சொன்னேன் பாய்."

"எனக்குத் தெரியாத உண்மையா? நேத்து சாயங்காலமே வந்து பார்த்துட்டேன்."

"பார்த்தீங்களா? ஏன் ஒரு வார்த்தை சொல்லலை?"

"என்னன்னு சொல்றது? அம்மா, உங்க சாமிப் பொட்டைத் துடைங்க, என் சரக்கு ஓடணும்னா? சொல்லிட்டு நான் இந்த ஊர்ல எந்தத் தெருவுல நடக்கறது? அந்தப் பொம்பளைங்க என் பேரைச் சொல்லிச் சொல்லி வச்ச பொட்டு தம்பி அது. 'பாய்க்கு நல்லது நடக்கணும்'னு சொல்லிக்கிட்டே வைக்கிறாங்க. நான் தூண் மறைவுல நிக்கிறேன். வாய் வருமா எனக்கு?"

நான் வேட்டியில் சிந்திய டீயை உதறினேன்.

"விடுங்க. பினாங்குல மச்சான் கடையில உட்கார்ந்து மிளகு நிறுத்துக்கறேன். அதுல ஒண்ணும் அறுந்து போகாது" என்று எழுந்து போய்விட்டார். அல்வாப் பெட்டி பெஞ்சிலேயே இருந்தது.

சாயங்காலம் காவேரிப் பாலம் தாண்டி வீட்டுக்கு வந்தால், செய்தி எனக்கு முந்தின பஸ்ஸில் வந்து இறங்கியிருந்தது.

"ஏன்னா, பூஜை பண்ணினா மிஷின் நின்னு போயிடும்னு மானேஜர்கிட்டே சொன்னேளாமே?" என்றாள் என் மனைவி.

"யார் சொன்னா?"

"எதிராத்து மாமி. அவாத்துப் பிள்ளை உங்க மில்லு ஆபீஸ்லதானே இருக்கான். கறுப்புச் சட்டை தைக்கக் குடுத்தாச்சா, அளவு எடுக்கணுமான்னு கேக்கறா."

திருமண் இட்ட நெற்றியோடு நான் ஒரே நாளில் நாஸ்திகனானேன். மானேஜர் பூட்ஸ் காலோடு பக்தரானார். இந்த மாதிரிப் பண்டமாற்று எங்கள் ஊரில் அதற்கு முன் நடந்ததாகத் தெரியவில்லை.

தைலக்காப்பு

மறுநாள் ஷிஃப்ட் ஆரம்பிப்பதற்கு முன்பே போய்விட்டேன். கையில் பழைய துணி. யாரும் துடைக்காவிட்டால் நான் துடைக்கிறேன், எப்படியும் நாஸ்திகன் பட்டம் கொடுத்தாகிவிட்டது, அதை வீணாக்குவானேன் என்று ஒரு வீம்பு. ஆறாம் நம்பரின் முதல் வளையத்தில் துணியை வைத்தேன்.

"சாமி! கையை எடுங்க!"

கோவிந்தம்மாள். பின்னால் அவருடைய ஆட்கள் அத்தனை பேரும்.

"கோவிந்தம்மா, நான் சொல்றதைக் கேளு..."

"என்னத்தைக் கேக்கறது? நெத்தியில நாமம், கையில குங்குமம் துடைக்கத் துணியா? எங்க தாலி உங்களை என்ன பண்ணிச்சு?"

ஒரு டிராவலரைக் கழற்றி அவர் உள்ளங்கையில் வைத்தேன். அதன் வயிற்றில் சந்தனமும் பஞ்சும் அடைத்துக்கொண்டு நின்றது. அவர் விரலால் நெருடிப் பார்த்தார். வளையத்தைத் தொட்டுப் பார்த்தார். தினமும் அதன் மேல் கையை ஓட்டுகிறவர்தான். முகம் மாறிவிட்டது.

"அப்ப நாங்க வச்சதாலதானா?"

"ஆமாம்."

"பாய் எங்கே?"

"பட்டறையை மூடிட்டுக் கப்பல் ஏறப் போறார்."

"அட பாவி மனுஷா, வாயைத் திறந்து சொல்லியிருக்கக் கூடாதா? நாங்களே அந்த ஆளு தலையில மண்ணைப் போட்டுட்டோமே!"

ஒரு பெண் மூக்கைச் சிந்தினாள். கோவிந்தம்மாள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு பிரேமை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பார்த்தார்.

"துடைக்கக் கூடாது. அது கூடவே கூடாது. ஆனா ஊத்தலாமில்ல?"

"ஊத்தறதா?"

"உங்க பெரிய கோயில்ல சாமிக்குத் தைலம் சாத்தறாங்கல்ல? அப்ப முன்னாடி வச்ச சந்தனம் போயிடுச்சேன்னு யாராச்சும் அழுவறாங்களா?"

வேதாந்த விசாரங்களைக் கேட்டு வளர்ந்த நான் துணியைக் கீழே போட்டேன். ஃபிட்டரைக் கூப்பிட்டு மண்ணெண்ணெய் கொண்டுவரச் சொன்னேன். நூற்பு ஹாலுக்குள் மண்ணெண்ணெய் கொண்டுவரக் கூடாது என்று சுவரில் எழுதியிருந்தது. கீழே என் கையெழுத்து. பிரேமின் மோட்டார் இணைப்பைக் கழற்றிவிட்டு, மணல் வாளியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, மூக்கு நீண்ட எண்ணெய்க் குவளையால் ஃபிட்டர் ஒவ்வொரு வளையத்துக்கும் சொட்டுச் சொட்டாகத் தைலக்காப்பு செய்துகொண்டே போனார். சந்தனம் இளகி இறங்கியது. பெண்கள் பின்னாலேயே வேஸ்ட் பஞ்சால் ஒற்றி எடுத்தார்கள். துடைக்கவில்லை. ஒற்றினார்கள். ஒருத்தி தவறிப்போய்த் தேய்த்துவிட, கோவிந்தம்மாள் அவள் தலையில் ஒரு குட்டு வைத்தார்.

எல்லாம் உலர்ந்து, வாடை போனதும், பறந்துபோன டிராவலர்களுக்குப் பதில் மிச்சச் சரக்கை மாட்டி, பிரேமை மெதுவாக ஓட்டினோம். பிறகு முழு வேகம்.

நல்ல பிரேமின் சத்தத்தை எழுத்தில் சொல்ல முடியாது. அதில் எந்தத் தனிச் சத்தமும் இருக்காது. கோவிந்தம்மாள் கையைக் கட்டிக்கொண்டு ஒரே இடத்தில் நின்றார். ஒட்டுவதற்கு இழை அறவில்லை. வேலை நேரத்தில் அவர் சும்மா நின்று நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

கழற்றச் சொன்னவர்

மத்தியானம் மானேஜர் ஏஜெண்டோடு வந்தார். ஆறாம் நம்பர் ஓடுவதைப் பார்த்தார். பாபின்களில் நூல் வெள்ளையாக ஏறிக்கொண்டிருப்பதையும் பார்த்தார். நன்றாக ஓடுகிறதே என்று ஒரு சொல் சொல்வதற்கு அவருக்கு என்ன குறைந்துவிடும்?

"யார் இதை ஓட்டச் சொன்னது? கழட்டச் சொன்னேனே?"

"சுத்தம் பண்ணினதும் நன்னா ஓடறது சார். காலையிலேர்ந்து..."

"ஒரு காலை ஓடினதை வச்சு என்ன சொல்றது? அடுத்த வருஷம் பார்த்துக்கலாம். ஃபிட்டர், பிரேமை நிறுத்து. எல்லாத்தையும் கழட்டு."

என் கோபத்தை நான் இங்கே எழுதினால் ஆசிரியர் அச்சிட மாட்டார். அவ்வளவு உழைப்பு, அவ்வளவு சண்டை, கண் முன்னால் ஓடுகிற சாட்சி. அடுத்த வருஷமாம்! அடுத்த வருஷம் காதர் பாய் மிளகு நிறுத்துக்கொண்டிருப்பார். நான் ராஜிநாமா செய்கிறேன் என்று சொல்ல வாயைத் திறந்தேன். நல்லவேளை, அதற்குள் கோவிந்தம்மாள் முந்திக்கொண்டார்.

"அய்யா, அதைக் கழட்டக் கூடாதுங்க."

"ஏன்?"

"பூஜையில வச்சு விஜயதசமி அன்னிக்குப் போட்ட சாமானுங்க. நடுவுல எடுத்தா குடும்பத்துக்கு ஆகாது. தேஞ்சு அதுவா விழணும்."

"யார் சொன்னது?"

"யாரு சொல்லணும்? காலங்காலமா இருக்கறதுதானுங்களே."

காலங்காலமா இருந்த அந்த வழக்கம் அந்த நிமிஷத்தில்தான் பிறந்தது. அதன் பிறப்பை நான் நேரில் பார்த்தேன். பின்னால் நின்ற பெண்கள் அத்தனை பேரும், பாட்டன் பூட்டன் காலத்திலிருந்து தெரிந்த சங்கதி மாதிரி தலையை ஆட்டினார்கள். ஃபிட்டர் கன்னத்தில் போட்டுக்கொண்டு இரண்டடி பின்வாங்கினார்.

மானேஜர் என்னைப் பார்த்தார். "பூஜை விஷயம் சார். நான் என்ன சொல்ல?" என்றேன். என் வாழ்க்கையில் அவ்வளவு பணிவாக நான் எதையும் சொன்னதில்லை.

மானேஜரோ முந்தின நாள்தான் பக்தரானவர். ஒரே நாளில் பதவியை விட முடியுமா? கடைசியில் அவரைக் காப்பாற்றியது ஏஜெண்ட். மயிலாப்பூர்க்காரர், செவ்வாய்க்கிழமை ஷவரம் செய்துகொள்ளாதவர். "இந்த மாதிரி விஷயத்துலே கை வைக்கப்படாது சார். இருந்துட்டுப் போகட்டும்" என்றார்.

இருந்தது. ஏஜெண்ட் கொண்டுவந்த சரக்கு பக்கத்துப் பிரேமில் தேய்ந்து மாற்ற வேண்டிவந்தபோதும் ஆறாம் நம்பர் அசையாமல் ஓடிக்கொண்டிருந்தது. மற்ற பிரேம் பெண்கள் எங்களுக்கும் அதுவே வேண்டும் என்று மேஸ்திரியைப் பிடித்துக்கொண்டார்கள். மானேஜர் வேறு வழியில்லாமல் ஆர்டர் கொடுத்தார். அதில் ஒரு வாசகம் சேர்த்தார். தொழிலாளர்களின் சமய உணர்வை முன்னிட்டு இந்தச் சரக்கு அனுமதிக்கப்படுகிறது.

சமய உணர்வு! தட்டை, உருண்டை, பதம், மெருகு எல்லாவற்றுக்கும் சேர்த்து அவர் கொடுத்த மார்க் அதுதான்.

காதர் பாய் அந்த ஆர்டரைக் கையில் பிடித்துக்கொண்டு நேரே ஹாலுக்குள் வந்துவிட்டார். மீசை துடித்தது.

"தரம்னு ஒரு வார்த்தை இல்லையா இதுல? என்ன தம்பி இது? நான் டிராவலர் செஞ்சேனா, பிரசாதம் செஞ்சேனா?"

"பாய், மெதுவா..."

"என்ன மெதுவா? கழட்டச் சொல்லுங்க எல்லாத்தையும்! கழுவின பிரேம்ல அந்த ஆளு கண்ணு முன்னாடி முதல்லேருந்து ஓட்டிக் காட்டறேன். என் இரும்பு ஜெயிக்கட்டும். உங்க சாஸ்திரம் ஜெயிச்சு எனக்கு ஆர்டர் வேண்டாம்!"

கோவிந்தம்மாள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நிறைந்த பாபினைத் தட்டிப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"பாய், இரும்பு ஜெயிச்சது எங்க காலுக்குத் தெரியும். கத்தாம போயி ஏழாம் நம்பருக்குச் சரக்கைக் கொண்டாங்க."

காதர் பாய் ஆர்டரை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். அப்புறம் கத்திக்கொண்டேதான் போனார். ஆனால் ஏழாம் நம்பருக்குச் சரக்கு வந்தது. எட்டாம் நம்பருக்கும் வந்தது. பினாங்குக் கப்பல் அவர் இல்லாமலே புறப்பட்டது.

மானேஜர் ரிட்டயராகிப் பல காலம் ஆகிறது. பெரிய கடைவீதியில் அவரை எங்கே கண்டாலும் காதர் பாய் வழி மறித்து, ரொம்ப மரியாதையாக, "அய்யா, நம்ம சரக்கு எப்படிங்க?" என்று கேட்கிறார். மானேஜர் குடையை விரித்துக்கொண்டு எதிர்ச் சாரிக்குப் போய்விடுகிறார். காதர் பாயும் சாலையைக் கடக்கிறார்.